பொன்னுருக்கிய வாரத்துச் செக்கிங்

சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று யாராவது தாவூதின் பெயிண்டு கடையில் போய் நின்றால், டப்பாவைக் காட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"அடிக்க ஆளு இருக்கா, இல்ல முகாம் அக்காவுக்குப் போன் போடட்டா?"

முகாம் அக்கா என்றால் தவமலர். வயது நாற்பத்து நான்கு. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சாரம் கட்டுவது, மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கி அடிப்பது எல்லாம் அவளே செய்வாள்; செய்யவும் வைப்பாள். அவளிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். மூவர் முகாம்காரர்கள். நான்காவது ஆள் தங்கப்பழம், சங்கரன்கோவிலிலேயே பிறந்தவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். "எங்க மேஸ்திரி சாரத்துல ஏறினா காக்கா எந்திரிச்சு எடம் குடுக்கும்" என்று டீக்கடையில் சொல்வார். அவள் காதில் விழும்படியாகத்தான் சொல்வார்.

தவமலருக்கு இரண்டு பேச்சு. ஊருக்குள் இருக்கும்வரை "வாரேன் அண்ணாச்சி", "என்ன சொல்லுதிய" என்று நெல்லைக்காரியாகவே இருப்பாள். மாலையில் கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறி, முகாம் வளைவில் இறங்கியதும் அதே வாய் "வாறன் அக்கா", "என்ன கதைக்கிறியள்" என்று மாறிவிடும். மாற்ற வேண்டும் என்று அவள் நினைப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுபோல அது தானாக நடக்கும்.

இலங்கையில், மன்னாருக்குப் பக்கத்தில் மாந்தையில் பிறந்தவள். தொண்ணூறாம் வருஷம், ஒன்பது வயதில், அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தபடி படகில் வந்து அரிச்சல்முனையில் இறங்கினாள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம். அப்புறம் இங்கே. முதலில் ஒரு பழைய பஞ்சு கிட்டங்கியில், சேலையைத் தொங்கவிட்டு வீடு பிரித்துக்கொண்டார்கள். அடுத்து தார் ஷீட்டுக் கொட்டகை. இப்போது சில வரிசைகளுக்குக் கான்கிரீட் வீடு வந்திருக்கிறது. மற்ற வரிசைகளுக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரைக்கூட மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பலகையில் புதுப் பெயரை எழுதியது தவமலரின் கைதான்.

மாறாமல் இருப்பது செக்கிங்.

முகாமில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. ஒன்று சுவரில் தொங்குவது. இன்னொன்று செக்கிங். மாதத்தில் ஒரு நாள் அதிகாரிகள் வருவார்கள். மைதானத்து வேப்பமரத்தடியில் மேசை போடுவார்கள். வீட்டு எண் வாரியாகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஆள் எழுந்து நிற்க வேண்டும். நிற்காத ஆளின் பெயர் பதிவிலிருந்து வெட்டப்படும். வெட்டுப்பட்ட பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்குத் தென்காசிக்கும் சென்னைக்கும் மனுப் போட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதற்குள் முகாம் கார்டு செல்லாமல் போகும், உதவித்தொகை நின்றுபோகும், வீட்டு ஒதுக்கீட்டு வரிசையிலிருந்தும் பெயர் விழுந்துவிடும். அதனால் காது குத்தோ திருச்செந்தூர்ப் பயணமோ எதுவானாலும் முகாம்காரர்கள் முதலில் செக்கிங் எப்போது என்று பார்ப்பார்கள். ராகு காலமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தவமலரும் அப்படித்தான் பார்த்தாள். மகள் துஷ்யந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிருபாகரன், இரண்டு வரிசை தள்ளி இருப்பவன், தவமலரிடமே பெயிண்டு வேலை செய்பவன். ஆவணி மாதச் செக்கிங் முடிந்த மறு திங்கட்கிழமை பொன்னுருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை முகாம் பிள்ளையார் கோவிலில் தாலி. இடையில் ஒரு தொந்தரவும் வர வழியில்லை என்று கணக்குப் போட்டார்கள்.

பொன்னுருக்கு என்பது தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது. ஊருக்குள் நகைப் பட்டறை வைத்திருக்கும் சங்கரநாராயணன் ஆசாரியைக் கூட்டிவந்திருந்தார்கள். "இங்கனயும் முன்னால உண்டும்பாவ, இப்பல்லாம் நேரா கடைக்குப் போயிருதாவ" என்று சொல்லிக்கொண்டே அவர் கரி அடுப்பை மூட்டினார். குழலால் ஊதி, சின்ன மண் கிண்ணத்தில் பொன் காசு இளகி உருண்டையாகி நின்றதும் தேங்காய் உடைத்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. வீட்டை விட்டு இறங்கவும் கூடாது. கடல் தாண்டி வந்ததில் எத்தனையோ வழக்கம் கழன்று போனது. இது மட்டும் கழலவில்லை.

திங்கள் மாலையே முகாம் தலைவர் பாக்கியநாதன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பழைய வருவாய் ஆய்வாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த கணேசன் சாருக்கு முகாம் ஆட்களைத் தெரியாது. அதனால் வியாழக்கிழமை மறுபடியும் செக்கிங். இந்தத் தடவை போட்டோவும் எடுப்பார்கள். எல்லாரும் கட்டாயம் வரவேண்டும். முடியும்வரை யாரும் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது.

ஒரே மாதத்தில் இரண்டு செக்கிங் வரும் என்று எந்தச் சோதிடரும் சொல்லியிருக்க முடியாது.

தவமலர் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றாள். அவளுக்கு இது இரண்டாம் முறை.

இரண்டாயிரத்து ஒன்றில் அவளுக்கும் யோகநாதனுக்கும் பொன்னுருக்கி முடிந்த பிறகு இதே மாதிரி செக்கிங் வந்தது. வரமாட்டேன் என்று சொல்லலாம் என்றுகூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தலையில் முக்காடு போட்டு அவளை அழைத்துப்போய் வரிசையில் நிறுத்தினார்கள். பெயர் கூப்பிட்டதும் அதிகாரி முக்காட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அடுத்த வரிசையில் யோகநாதன் நின்றான். இவளைப் பார்த்துச் சிரித்தான். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

துஷ்யந்திக்கு ஐந்து வயதானபோது இளையரசனேந்தல் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் அடிக்கப் போன யோகநாதன் சாரம் சரிந்து விழுந்து செத்தான். இழவு வீட்டில், அழுகைக்கு நடுவே, ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"பொன்னுருக்கிப்போட்டு முகம் பாத்தவையெல்லோ."

சொன்னவள் புனிதம். கிருபாகரனின் தாயான அதே புனிதம்தான் இப்போது தவமலருக்குச் சம்பந்தி. சம்பந்தம் பேசும்போது தவமலர் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. யோகநாதன் விட்டுப்போன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவள் அவள். சரிந்த சாரத்தில் கட்டியிருந்தது இற்றுப்போன கயிறு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பதினெட்டு வருஷமாக அவள் காதுபட யாரும் கயிற்றைப்பற்றிப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கையில் காய்ந்த பிரைமரோடு தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். கணேசன் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பொன்னுருக்கு என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல விசயந்தாம்மா. எங்க ஊர்லயும் முன்னால மாப்ளய பொண்ணு பாக்கக்கூடாதும்பாவ. இப்ப யாரு கேக்கா? எல்லாம் வாட்ஸ்அப்புல பாத்துக்கிடுதுவ."

"விட்டது நீங்களா விட்டது சார். நாங்களும் விட்டா நாங்களா விடணும்லா?"

கணேசன் சிரித்தார். ஆனால் தலையை ஆட்டவில்லை.

"ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். வரிசைக்கு வரலன்னா ஆப்சென்ட். ஆப்சென்ட்னா வெட்டுதான்."

"அப்ப நீங்க வீட்டுக்கு வந்து பாத்துக்கிடுங்க. பிள்ள எங்கயும் ஓடிரமாட்டா."

"வீடு வீடா வந்து கதவத் தட்டுனா அதுக்குப் பேரு செக்கிங்காம்மா? இன்னைக்கு உனக்கு வந்தா நாளைக்கு இன்னொருத்தி வேற சடங்கு சொல்லுவா. வியாழக்கிழமை கூட்டிட்டு வந்துரு."

அன்றைக்கு ராயகிரியில் ஒரு வீட்டுச் சுவரைத் தவமலர் தேய்த்த தேய்ப்பில் சிமெண்டே தெரிந்தது. "மேஸ்திரி, அது அந்த ஆபீசர் இல்ல, அடுத்தவன் வீட்டுச் சொவரு" என்று தங்கப்பழம் உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பலகார வேலை நடந்துகொண்டிருந்தது. நான்கைந்து பெண்கள் பயத்தம்பணியாரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். துஷ்யந்தி தாயைத் தனியாக அழைத்தாள். ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்யும் பெண். எதையும் சுருக்கமாகப் பேசுவாள்.

"அம்மா, நான் போய் நிக்கிறன். அவரிட்டச் சொன்னா என்னைப் பாக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நிப்பார்."

"கண்ணை மூடிக்கொண்டு நிண்டா போட்டோவில செத்தவன் மாதிரியெல்லோ விழுவான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துஷ்யந்திதான் முதலில் நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு இதில நம்பிக்கை இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"எனக்கு இல்லை, ஊருக்கு இருக்கு. நாளைக்கு அவனுக்கு ஒரு தலையிடி வந்தாலும் உன்ரை முகத்தைத்தான் சொல்லுவினம். எனக்குச் சொன்னது காணும். அது மட்டுமில்லைப் பிள்ளை. சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, எல்லாத்துக்கும் நிண்டாச்சு. கலியாணத்துக்குள்ளயும் அந்த வரிசை வரவேண்டாம்."

"வெட்டிப்போட்டா? எனக்குக் கார்டும் இல்லை, எங்களுக்கு வீடும் இல்லை."

 தவமலர் மகளின் தலையைத் தடவிவிட்டு, பணியாரம் உருட்ட உட்கார்ந்தாள்.

புதன்கிழமை பாக்கியநாதன் வந்து போனார். "தங்கச்சி, புது ஆளோட முதல் நாளே கொழுவாதை. முகாம் முழுக்கப் பகை வரும்" என்றார். புனிதம் வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. கிருபாகரன் மட்டும் போனில், "நீங்கள் சொல்லுறபடி மாமி" என்றான். தாய் என்ன சொல்கிறாள் என்று தவமலர் கேட்டாள். "அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை" என்றான்.

வியாழக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. கணேசன் மேசையில் பதிவேட்டை விரித்தார். பக்கத்தில் சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர், செல்போனோடு போட்டோ எடுக்க ஒரு உதவியாளர். பெயர்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொருவராக எழுந்து, முகம் காட்டி, உட்கார்ந்தார்கள்.

"தவமலர்."

எழுந்தாள். போட்டோ எடுத்தார்கள்.

"மகள் துஷ்யந்தி."

"வீட்டில இருக்கிறா."

கணேசன் நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாய்க்கிழமையே சொன்னேம்லா?"

"ஓம், சொன்னனீங்கள். நானும் சொன்னன்."

அதிகாரி ஒருவரிடம் அவள் முகாம் பேச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார் கணேசன்.

"வெட்டட்டுமாம்மா?"

 மகளுக்கு இன்னும் கட்டாத அந்த வீடு ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

"வெட்டுறதெண்டா வெட்டுங்கோ. ஆனா ஆள் இல்லையெண்டு எழுதாதேங்கோ. ஆள் வீட்டில இருந்தது, நான் போய்ப் பாக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் எரிச்சலோடு வந்தது. "உன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு எங்கட கார்டையும் வெட்ட வைக்கப்போறியோ?" சிலர் அதை ஆமோதித்து முனகினார்கள். தவமலர் திரும்பவில்லை. 

அப்போது புனிதம் எழுந்தாள். அவள் வீட்டு எண் இன்னும் வரவில்லை. சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மேசையைப் பார்க்காமலே வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, எங்க போறியள்? இருங்கோ" என்று பாக்கியநாதன் குறுக்கே வந்தார்.

"என்ர மகனும் வீட்டிலதான் இருக்கிறான் தம்பி. அவனோட நானும் இருக்கிறன். பேர் வந்தா அங்க வந்து கூப்பிடச் சொல்லு."

"வெட்டிப்போடுவினம் அக்கா."

"பொன்னுருக்கிப்போட்டு வீட்டில இருத்தின பிள்ளையை எழுப்பிக் கொண்டுவந்து எண்ணுறதுக்கு அவன் என்ன மாடோ?"

தவமலரைக் கடந்து போகும்போது புனிதம் நிற்கவில்லை. நேராகத் தன் வரிசைக்குப் போய், கதவை விரியத் திறந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். மைதானத்திலிருந்து பார்த்தால் அவள் தெளிவாகத் தெரிந்தாள்.

பணியாரம் உருட்டிய பெண்கள் அடுத்து எழுந்தார்கள். அவர்கள் பின்னால் அவர்கள் பிள்ளைகள். அப்புறம் கிருபாகரனோடு பெயிண்டு வேலை செய்யும் இரண்டு பேர். ஓடவோ சத்தம் போடவோ இல்லை. சந்தை கலைவதுபோலக் கலைந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எல்லாரும் போகவில்லை. பாதிக்கு மேல் மைதானத்திலேயே இருந்தார்கள், பயத்தோடும் கொஞ்சம் வெட்கத்தோடும். எரிச்சல்பட்ட அந்த ஆளும் இருந்தார். பாக்கியநாதன் மேசைக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றார்.

சிவப்புப் பேனா திறந்தபடியே இருந்தது. ஒரு பெயரை வெட்டினால் ஒரு கோடு. இரண்டு வரிசை வீடுகளை வெட்டினால் மேலே பதில் சொல்ல வேண்டும். போலீஸ்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார், ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது.

"சார், எல்லாரும் கண்ணு முன்னாலதான உக்காந்திருக்காவ. ஆப்சென்ட்னு எப்பிடி எழுதுவிய?"

கணேசன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பேனாவை மூடினார். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "இருந்தவங்க இப்பிடியே இருங்க, வாரேன்" என்று மைதானத்தில் மிஞ்சியவர்களிடம் சொன்னார். அவர்கள் முகம் வெயிலில் வாடிப்போனது.

தவமலர் முன்னால் நடந்தாள். தெருநாய்கள் பதிவேட்டைப் பார்த்துக் குரைத்தன. வீட்டில் எண்ணெய் வாசனை. உள்ளே பாயில் துஷ்யந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் கணேசன் குனிந்து பார்த்தார்.

"துஷ்யந்தி?"

"ஓம், நான்தான்."

"எந்திரிக்க மாட்டியாம்மா?"

துஷ்யந்தி தாயைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"இருந்தாலும் நான்தான் சார்."

உதவியாளர் குனிந்து போட்டோ எடுத்தார். கணேசன் பதிவேட்டைத் தன் உள்ளங்கையில் தாங்கி, பெயருக்கு நேரே நீல மையில் ஒரு குறி போட்டார். பலகாரத் தட்டை யாரோ நீட்டினார்கள். டியூட்டியில் இருக்கேன் என்று மறுத்துவிட்டார். போலீஸ்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"இது இந்த ஒரு தடவைக்குத்தான். பழக்கமாக்கிராதிய" என்றார் கணேசன், வெளியே வந்து.

"எழுதிட்டியளா சார்?"

"எழுதியாச்சு."

"இப்போதைக்கு அது காணும்."

அவர் புனிதத்தின் வரிசைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மணவறையில்தான் துஷ்யந்தியும் கிருபாகரனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கப்பழமும் தாவூதும் முன்வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுத மேசை எங்கே என்று தேடினார்கள். கூட்டத்தில் புனிதம் தவமலரின் கையைப் பிடித்து இழுத்துப் பந்திக்குக் கூட்டிப்போனாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பழைய பேச்சு எதுவும் வரவில்லை. வரவேண்டும் என்று தவமலரும் எதிர்பார்க்கவில்லை. "சொதிக்கு உப்புக் காணாது" என்றாள் புனிதம். "காணும்" என்றாள் தவமலர்.

அடுத்த மாதச் செக்கிங்குக்கும் வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். கணேசன் வந்து உட்கார்ந்தார். மைதானத்தில் பாக்கியநாதனும் இருபது முப்பது பேரும் இருந்தார்கள். மற்றவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார்கள். கல்யாணம், காது குத்து ஒன்றும் இல்லை. கேட்டால் சொல்வதற்கு எந்தச் சடங்கும் கையில் இல்லை.

"இது என்னய்யா புதுப் பழக்கம்?" என்று பாக்கியநாதனிடம் கேட்டார் கணேசன். பாக்கியநாதன் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் முதல் வரிசையிலிருந்து நடக்க ஆரம்பித்தார்.

தவமலரின் வீடு மூன்றாம் வரிசை. வேலைக்கு நேரமாகிறது என்று தங்கப்பழம் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். வாரேன் அண்ணாச்சி, ஆபீசர் வந்துக்கிட்டு இருக்காரு, அவர் வந்ததும் கிளம்பிருவேன் என்றாள். வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, தின்னரில் பிரஷ் அலசியபடி, தன் பெயர் வருவதற்காகக் காத்திருந்தாள். எழுந்திருக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.